தலைமடையைத் தேடும் கிளை

நுழையும்முன்

ஒரே நிரலைப் பலர், பல ஊர்களில் இருந்துகொண்டு, ஒரே நேரத்தில் எழுதுகின்றனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் அறியாமல் அழித்துவிடாதபடி காப்பது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். அதனுள் ஒவ்வொரு கிளையும் வேறொரு கிளையைப் பின்தொடர்கிறது. எதனைப் பின்தொடர வேண்டும் எனப் பயனர் கூறாதபோது மென்பொருள் எதனை ஊகிக்கிறது? அந்த ஊகம் பிழைத்தால் யாருடைய உழைப்பு இடருக்கு உள்ளாகிறது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம். கணினியில் ஆங்கில எழுத்துகளால் தட்டச்சு செய்யப்படும் ஆணைகள் இங்குத் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன.

நிரலர் ஒருவர் காலையில் கணினியின்முன் அமர்கிறார். 'கிட் புல்' என்னும் இரண்டே சொற்களைத் தட்டச்சு செய்கிறார். எந்த வழங்கியிலிருந்து, எந்தக் கிளையிலிருந்து பெற வேண்டும் என்று அவர் எதுவும் கூறவில்லை. எனினும், முந்தைய நாள் இரவு உடன்பணியாளர் எழுதிய வரிகள் சில நொடிகளில் அவருடைய கணினிக்கு வந்து சேர்கின்றன. மாலையில் 'கிட் புஷ்' என்கிறார். அன்று அவர் எழுதியவை புறப்பட்டுச் செல்கின்றன. முகவரி எழுதப்படாத அஞ்சல் உரிய வீட்டை அடைவதைப் போன்றது இது. அஞ்சலகத்தில் நடவாதது கணினியில் நடக்கிறது என்றால், முகவரி முன்னரே எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதை எழுதியவர் யார் என்பதே வினா. பெரும்பாலும் அந்த நிரலர் அதை எழுதியிருக்கமாட்டார்.

மையமில்லாக் களஞ்சியம்

லினக்ஸ் இயக்க அமைப்பின் கருநிரலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கினார். உலகின் பல பகுதிகளிலிருந்து நிரலர்கள் அதற்குப் பங்களித்தனர். 2002 முதல் அவர்களுடைய மாற்றங்களைத் தொகுக்கப் பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருள் பயன்பட்டது. அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமை 2005ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டபோது, டோர்வால்ட்ஸ் தாமே ஒரு கருவியை உருவாக்க முற்பட்டார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் சில நாள்களுக்குள் முதல் வடிவம் பெற்றதே 'கிட்' என்னும் மென்பொருள். அதே ஆண்டு ஜூலையில் அதன் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றுக்கொண்டார்.

கிட்டுக்கு முன்பு பரவலாகப் பயன்பட்ட சி.வி.எஸ்., சப்வெர்ஷன் போன்ற கருவிகளில் மையக் களஞ்சியம் ஒன்று இருந்தது. அனைவரும் அங்கிருந்தே பெற்றனர். அங்கேயே திருப்பி அனுப்பினர். கோயில் ஒன்றே உள்ள ஊரில் தேர் எங்கிருந்து புறப்படும் என எவரும் கேட்பதில்லை. அதுபோல், 'எங்கிருந்து பெறுவது?' என்னும் வினாவே அக்கருவிகளில் எழவில்லை.

கிட்டின் அமைப்பு முற்றிலும் வேறானது. களஞ்சியத்தைப் படியெடுப்பவர் ஒவ்வொருவரிடமும் அதன் முழு வரலாறும் வந்து சேர்கிறது. ஒரு படிக்கும் மற்றொரு படிக்கும் தகுதியில் வேறுபாடு இல்லை. ஒன்றைத் தலைமைக் களஞ்சியம் என்று அழைப்பது மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு மட்டுமே. கருவியின் கட்டமைப்பில் அதற்கு இடமில்லை. எனவே ஒவ்வொரு களஞ்சியத்திலும், ஒவ்வொரு கிளைக்கும், 'நீ பின்தொடர வேண்டியது இது' என்று தனியே எழுதி வைக்க வேண்டிய தேவை ஏற்பட்டது.

தலைமடையும் கடைமடையும்

பின்தொடரப்படும் கிளையை நிரலர்கள் 'அப்ஸ்ட்ரீம்' என்பர். ஆற்றோட்டத்திலிருந்து பிறந்த சொல் இது. நீர் வரும் திசையில் இருப்பது மேற்பகுதி; நீர் சென்று சேரும் திசையில் இருப்பது கீழ்ப்பகுதி. பாசனத்தை வாழ்வாகக் கொண்ட தமிழ் உழவர் வழக்கில் இதற்கு நேரான சொற்கள் உண்டு. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் உள்ளது தலைமடை. நீர் இறுதியில் சென்று சேரும் இடம் கடைமடை. இப்பாடத்தில் பின்தொடரப்படும் கிளை 'தலைமடைக் கிளை' என்றே குறிக்கப்படுகிறது.

உவமை ஓரளவே பொருந்தும். கடைமடை நீர் தலைமடைக்கு ஏறாது. கிட்டிலோ மாற்றங்கள் இரு திசையிலும் செல்கின்றன. வாய்க்காலின் தலைமடையை நிலத்தின் சாய்வு உறுதி செய்கிறது. கிளையின் தலைமடையை அமைவுக் கோப்பில் உள்ள இரண்டு வரிகள் உறுதி செய்கின்றன. அவ்வரிகளை மாற்றினால் தலைமடையும் மாறிவிடும்.

இடையில் நிற்கும் நிழல்

களஞ்சியத்தைப் படியெடுக்க 'கிட் குளோன்' என்னும் ஆணை உதவுகிறது. படியெடுக்கப்பட்ட இடத்திற்கு 'ஆரிஜின்' என்னும் பெயரைக் கிட் தானாகவே சூட்டுகிறது. அங்குள்ள முதன்மைக் கிளையின் பெயர் 'மெயின்' எனக் கொள்வோம். படியெடுத்தபின் பயனரின் கணினியில் 'மெயின்' என்னும் கிளை தோன்றுகிறது. அதனுடன் 'ஆரிஜின்/மெயின்' என்னும் மற்றொன்றும் தோன்றுகிறது. தொடக்கநிலை நிரலர் பலர் குழம்பும் இடம் இதுவே.

'ஆரிஜின்/மெயின்' என்பது தொலைவில் உள்ள கிளை அன்று; அதன் நிழல். தொலைக் களஞ்சியத்துடன் கடைசியாகத் தொடர்புகொண்டபோது அங்கிருந்த 'மெயின்' கிளையின் நிலையை நினைவில் வைத்திருக்கும் குறிப்பு அது. ஊருக்குச் சென்று திரும்பியவர் கையில் உள்ள ஒளிப்படத்திற்கு அதனை ஒப்பிடலாம். ஊரில் புதிய வீடு எழும்பினாலும் படத்தில் அது தோன்றாது. மீண்டும் சென்று படமெடுத்தாக வேண்டும். அவ்வாறு புதிய படம் எடுக்கும் ஆணையே 'கிட் ஃபெட்ச்'. 'கிட் புல்' என்பது, அந்த ஆணையை நிறைவேற்றியபின், பெற்ற மாற்றங்களைப் பயனரின் கிளையோடு சேர்க்கும் வேலையையும் செய்கிறது.

இந்த நுட்பத்தை அறியாதவரைக் 'கிட் ஸ்டேட்டஸ்' ஏமாற்றிவிடும். 'உங்கள் கிளை ஆரிஜின்/மெயினுடன் ஒத்த நிலையில் உள்ளது' என்னும் பொருள்பட அது ஒரு வரியைக் காட்டும். அவ்வரியைக் காட்டுவதற்காக அது வலையமைப்பைத் தொடுவதே இல்லை. கணினியில் உள்ள நிழலோடுதான் ஒப்பிடுகிறது. ஒரு வாரமாக எதனையும் பெறாமல் இருந்தவருக்கும் அதே வரி தோன்றலாம். அது பொய் அன்று. ஆனால், பயனர் கேட்டதாக நினைத்த வினாவிற்கு உரிய விடையும் அன்று.

கிளைக்குத் தாய் தெரியாது

கிளை என்னும் சொல் மரத்தை நினைவூட்டுகிறது. மரத்தின் கிளையைப் பார்த்தால் அது எந்தக் கொம்பிலிருந்து பிரிந்தது எனச் சொல்லிவிடலாம். கிட்டின் கிளை அத்தகையது அன்று. அது ஒரு பெயர். அப்பெயர் வரலாற்றில் உள்ள ஒரு பதிவைச் சுட்டுகிறது. வழக்கமான களஞ்சியத்தில் அப்பதிவின் அடையாளம் 40 பதினறும எழுத்துகளால் ஆனது. கிளை என்பதன் உள்ளடக்கம் அவ்வளவே. எந்தக் கிளையிலிருந்து இக்கிளை பிரிக்கப்பட்டது என்னும் செய்தி அதில் எழுதப்படுவதில்லை. பதிவுகள் தம் முன்னோரான பதிவுகளை அறியும். கிளைகளோ தம் தாய்க்கிளையை அறியா.

ஆகவே, தலைமடை பற்றிய செய்தி அமைவுக் கோப்பில் தனியே இடம்பெறுகிறது. ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு வரிகள். 'ரிமோட்' எனத் தொடங்கும் வரி எந்தக் களஞ்சியம் என்பதைக் கூறுகிறது. 'மெர்ஜ்' எனத் தொடங்கும் வரி அக்களஞ்சியத்தில் எந்தக் கிளை என்பதைக் கூறுகிறது. முகவரியின்றிப் புறப்பட்ட அஞ்சலுக்கு முகவரியாக நின்றவை இவ்விரு வரிகளே.

தெரியுமா?

தலைமடை எப்போதும் வேறொரு கணினியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தம் கணினியில் உள்ள ஒரு கிளையையே மற்றொரு கிளைக்குத் தலைமடையாக அமைக்கலாம். அப்போது 'ரிமோட்' வரியில் களஞ்சியத்தின் பெயருக்கு மாற்றாக ஒரேயொரு புள்ளி இடப்படுகிறது. 'இதே களஞ்சியம்' என்பது அப்புள்ளியின் பொருள்.

ஊகத்தின் விதி

புதிய கிளை உருவாகும்போது இவ்விரு வரிகளைக் கிட் தானாக எழுதுமா? சில வேளைகளில் எழுதும். சில வேளைகளில் எழுதாது. கிளை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது அது.

'ஆரிஜின்/மெயின்' போன்ற நிழலிலிருந்து புதிய கிளையைத் தொடங்கினால், அந்நிழலுக்கு உரிய தொலைக்கிளையே தலைமடையாக எழுதப்படும். பயனரின் கணினியில் உள்ள 'மெயின்' கிளையிலிருந்து தொடங்கினால் எதுவும் எழுதப்படாது. இரண்டு தொடக்கங்களும் அந்நொடியில் ஒரே பதிவைச் சுட்டிக்கொண்டிருந்தாலும் விளைவு மாறுபடும். ஒரே உள்ளடக்கம், ஒரே வரலாறு. ஆணையில் எழுதிய பெயர் மட்டுமே வேறு. அப்பெயரையே பயனரின் உள்ளக்கிடக்கைக்குச் சான்றாகக் கிட் எடுத்துக்கொள்கிறது. தொலைக்கிளையின் பெயரைச் சொல்லித் தொடங்குபவர் அதனைத் தொடர்ந்து பின்பற்ற விரும்புவார் என்பது ஊகம். தம் கிளையிலிருந்து தொடங்குபவர் அக்கிளையைப் பின்பற்றுவாரா, அக்கிளை பின்பற்றும் தொலைக்கிளையைப் பின்பற்றுவாரா என்பது தெளிவில்லை. எனவே அங்கே மௌனம்.

மற்றோர் ஊகமும் உண்டு. பயனரின் கணினியில் இல்லாத ஒரு கிளையின் பெயரைக் கூறிக் 'கிட் சுவிட்ச்' ஆணையை இட்டால், அறியப்பட்ட தொலைக் களஞ்சியங்களில் அப்பெயரைக் கிட் தேடும். ஒரேயொரு களஞ்சியத்தில் மட்டும் அப்பெயர் இருந்தால், அதனைத் தலைமடையாகக் கொண்டு அதே பெயரில் கிளையை உருவாக்கித் தரும். இரண்டு களஞ்சியங்களில் இருந்தால் ஊகிக்க மறுத்துவிடும். எந்தக் களஞ்சியத்திற்கு முன்னுரிமை என அமைவில் முன்னரே கூறியிருந்தால் மட்டும் அதன்படி நடக்கும். வாய்ப்பு ஒன்றே எனில் துணிவது, இரண்டு எனில் கேட்பது என்னும் இம்முறை போற்றத்தக்கது. கிட்டின் எல்லா இயல்பமைவுகளும் இத்தகைய அடக்கத்துடன் அமைந்துவிடவில்லை.

பெறுமிடமும் தருமிடமும்

தலைமடை என்னும் ஒரு சொல்லின்மேல் இரண்டு பொறுப்புகள் ஏற்றப்பட்டுள்ளன. எங்கிருந்து பெறுவது என்பது ஒன்று. எங்கே அனுப்புவது என்பது மற்றொன்று. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நிரலர் ஒருவர் பிழையொன்றைத் திருத்துவதற்காக 'ஆரிஜின்/மெயின்' நிழலிலிருந்து 'திருத்தம்' என்னும் கிளையைத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். விதிப்படி 'மெயின்' கிளையே தலைமடை ஆகிவிடுகிறது. பெறும்போது இது நன்மையே. முதன்மைக் கிளையில் சேரும் புதிய மாற்றங்கள் அவரை வந்தடையும். அரைகுறையாக முடிந்த வேலையைச் சேமித்து வைக்கும் எண்ணத்துடன் அவர் 'கிட் புஷ்' என்கிறார். பெறும் இடமே தரும் இடமும் என அவருடைய கணினி அமைக்கப்பட்டிருந்தால், எவரும் சரிபார்க்காத அவ்வேலை நேரே முதன்மைக் கிளையில் சென்று சேரும். அங்கிருந்து மறுநாள் காலை அனைவருடைய கணினிக்கும் பரவும். அவர் தவறான ஆணை எதனையும் இடவில்லை என்பதே இதில் வருந்தத்தக்கது.

அனுப்பும் இடத்தை முடிவு செய்யும் இயல்பமைவு ஒருகாலத்தில் இதனினும் துணிச்சலானதாக இருந்தது. 2014க்கு முன்பு வெளிவந்த கிட் பதிப்புகளில் அதன் பெயர் 'மேட்சிங்'. இரு களஞ்சியங்களிலும் ஒரே பெயரில் உள்ள கிளைகள் அனைத்தையும் ஒருசேர அனுப்புவது அதன் இயல்பு. ஒருவர் தம் கிளையின் வரலாற்றைச் செப்பனிட்டுவிட்டு, 'ஃபோர்ஸ்' என்னும் வலிந்து அனுப்பும் விருப்பத்தைச் சேர்த்து 'கிட் புஷ்' என்பார். அவர் நினைவில் இருப்பது அந்த ஒரு கிளை மட்டுமே. அவருடைய கணினியில் மூன்று வாரமாகத் தொடப்படாத முதன்மைக் கிளையும் அதனுடன் சேர்ந்து புறப்படும். வலிந்து அனுப்பும் விருப்பம் இல்லையெனில், வழங்கியில் உள்ள புதிய பதிவுகளைக் கண்டு அப்பழைய கிளை ஏற்கப்படாமல் திரும்பியிருக்கும். அவ்விருப்பம் இருந்தமையால், வழங்கியின் முதன்மைக் கிளை மூன்று வாரம் பின்னோக்கிச் செல்லும்; இடைப்பட்ட நாள்களில் பலர் சேர்த்த பதிவுகள் அக்கிளையிலிருந்து மறையும்.

முழு வரலாறும் ஒவ்வொருவரிடமும் இருப்பதால், அண்மைப் படியை வைத்திருக்கும் எவரேனும் அதனை மீண்டும் அனுப்பி மீட்கலாம். ஆனால், அத்தகையவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அனைவருடைய வேலையும் நிற்கும்.

இதனைத் தவிர்க்கவே 'சிம்பிள்' என்னும் முறை 2012ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. 2014 மே 28 அன்று வெளிவந்த கிட் 2.0 பதிப்பில் அதுவே இயல்பமைவு ஆயிற்று. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே, இயல்பமைவு மாறப்போகிறது என்னும் எச்சரிக்கை பயனர்களின் திரையில் தோன்றி வந்தது. 'சிம்பிள்' முறையில் பயனர் நிற்கும் கிளை மட்டுமே செல்லும். அதுவும், அக்கிளையின் பெயரும் தலைமடைக் கிளையின் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டுமே செல்லும். பெயர்கள் வேறுபட்டால் கிட் அனுப்ப மறுத்து, 'தலைமடைக்கு அனுப்ப இந்த ஆணையை இடுக; உம் கிளையின் பெயரிலேயே அனுப்ப அந்த ஆணையை இடுக' என இரண்டு வழிகளையும் எழுதிக் காட்டும். முன்னர்க் கூறிய 'திருத்தம்' கிளையின் நிரலர் இப்போது முதன்மைக் கிளையைக் கெடுக்கமாட்டார். ஒரு மறுப்புச் செய்தியைக் கண்டு சிறிது எரிச்சலடைவார். எரிச்சல் மலிவான விலைதான்.

எனினும் கருத்து வேறுபாடு தீர்ந்துவிடவில்லை. 'திருத்தம்' கிளைக்கு 'மெயின்' தலைமடையாக இருப்பதே முறை என்பர் ஒரு சாரார். முதன்மைக் கிளையிலிருந்து தம் வேலை எத்தனைப் பதிவுகள் விலகியுள்ளது என்பதை அப்போதுதான் எளிதில் காண முடியும். வழங்கியில் உள்ள 'திருத்தம்' என்னும் படியே தலைமடையாக வேண்டும் என்பர் மற்றொரு சாரார். தம் வேலையில் எவ்வளவு இன்னும் அனுப்பப்படாமல் உள்ளது என்பதே அவர்கள் அறிய விரும்புவது. இரண்டும் நேர்மையான தேவைகள். இரண்டிற்கும் விடை எழுத இருப்பதோ ஒரே இடம்.

2022ஆம் ஆண்டு இத்துறையில் சில புதிய விருப்பங்கள் சேர்ந்தன. புதிய கிளையின் பெயரும் தொடக்கமாகக் கொண்ட தொலைக்கிளையின் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டுமே தலைமடையை எழுதுமாறு பணிக்கும் விருப்பம் ஒன்று. தொடக்கக் கிளையின் தலைமடையையே புதிய கிளைக்கும் மரபுரிமையாக வழங்கும் விருப்பம் மற்றொன்று. தலைமடையற்ற கிளையை முதன்முதலாக அனுப்பும்போது, வழங்கியில் அதே பெயரில் கிளையை உருவாக்கி, அதனையே தலைமடையாக எழுதிக்கொள்ளும் விருப்பம் வேறொன்று. முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டால் இரண்டாம் சாராரின் தேவை ஏறத்தாழ நிறைவேறிவிடும். ஆயினும் இவை அனைத்தும் பயனர் கேட்டால் மட்டுமே கிடைப்பவை. பழைய ஊகமே இயல்பமைவாகத் தொடர்ந்தது. எண்ணற்றோரின் கைகள் பழகிவிட்ட ஒன்றை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

முக்கோணப் பாதை

கட்டற்ற மென்பொருள்களுக்குப் பங்களிப்போர் பெரும்பாலும் மூலக் களஞ்சியத்தில் எழுதும் உரிமை பெற்றவர் அல்லர். அவர்கள் மூலத்திலிருந்து தமக்கெனத் தனிப் படியொன்றை வழங்கியில் உருவாக்கிக்கொள்கின்றனர். அதனைக் 'கவைக் களஞ்சியம்' எனலாம். அதில் தம் மாற்றங்களை இட்டு, மூலத்தின் பொறுப்பாளர்களிடம் 'இதனைச் சேர்த்துக்கொள்க' என வேண்டுகின்றனர். மூலத்திலிருந்து பெறுதல், கவைக்கு அனுப்புதல், அங்கிருந்து மூலத்தில் சேர்தல் என்று இப்பாதை முக்கோணமாகிறது.

இங்கே இயல்பமைவு ஓசையின்றிப் பிழைக்கும். பங்களிப்பாளர் படியெடுப்பது கவைக் களஞ்சியத்தை. ஆகவே 'ஆரிஜின்' என்பது கவையையே குறிக்கும். 'மெயின்' கிளையின் தலைமடையும் கவையில் உள்ள 'மெயின்' கிளையே. அக்கவைக்குள் எழுதுபவர் அவர் ஒருவரே. மூலத்தில் நாள்தோறும் மாற்றங்கள் சேர்ந்துகொண்டிருக்க, அவர் காலைதோறும் 'கிட் புல்' இடுவார். 'எல்லாம் ஒத்த நிலையில் உள்ளன' என்னும் செய்தி வரும். மூன்று மாதம் உழைத்து அவர் அனுப்பும் திருத்தம், மூலத்தில் எப்போதோ மாற்றி எழுதப்பட்டுவிட்ட வரிகளைத் திருத்துவதாக இருக்கும். முதன்முதலாகப் பங்களிக்க முன்வரும் மாணவர் மனம் தளரும் இடங்களுள் இதுவும் ஒன்று.

மூலக் களஞ்சியத்தைத் தனியே ஒரு தொலைக் களஞ்சியமாகச் சேர்ப்பதே இதற்கு வழி. அதற்கு 'அப்ஸ்ட்ரீம்' என்று பெயரிடுவது வழக்கமாகிவிட்டது. பொருள்நோக்கில் பொருத்தமான பெயர்தான். ஆனால், களஞ்சியத்தின் பெயரும் கிளையின் உறவைக் குறிக்கும் பெயரும் ஒன்றாகிவிட்டதால், கேட்போர் குழம்புவர். பின்னர், தம் 'மெயின்' கிளையின் தலைமடையை மூலத்தின் 'மெயின்' கிளையாக மாற்றி எழுத வேண்டும். அனுப்பும் இடம் கவைக் களஞ்சியமே என்பதை 'புஷ் டிஃபால்ட்' என்னும் அமைவில் தனியே குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்தபின், பெறும் களஞ்சியமும் தரும் களஞ்சியமும் வேறு என்பதை உணர்ந்து, 'சிம்பிள்' முறை தலைமடையின் பெயரைப் பாராமல், நிற்கும் கிளையை அதே பெயரில் கவைக்கு அனுப்பும். ஒரு சொல்லின்மேல் ஏற்றப்பட்ட இரு பொறுப்புகளும் இங்கே பிரிகின்றன.

லினக்ஸ் கருநிரலின் பொறுப்பாளர்களோ இணைக்கும்போது இயல்பமைவை நம்புவதில்லை. தம் பகுதியின் மாற்றங்களைச் சேர்க்குமாறு டோர்வால்ட்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பும் பொறுப்பாளர், களஞ்சியத்தின் முகவரியையும் பெற வேண்டியதன் பெயரையும் அதில் வெளிப்படையாக எழுதுகிறார். அவரும் அவ்விரண்டையும் கூறியே பெற்றுக்கொள்கிறார். நாள்தோறும் தம் கிளையில் வேலை செய்பவருக்கு அவ்வளவு விரிவாக எழுதும் பொறுமை இராது; எழுதாமல் விட்டதைக் கருவி எவ்வாறு நிரப்பியுள்ளது எனப் பார்க்கவேனும் ஒரு வழி வேண்டும். 'கிட் பிராஞ்ச்' என்னும் ஆணையுடன் 'வி' என்னும் எழுத்தை இருமுறை சேர்த்து இட்டால், ஒவ்வொரு கிளையின் பெயருக்கும் எதிரே பகர அடைப்புக்குள் அதன் தலைமடை தோன்றும். அடைப்புக்குறியே தோன்றாத கிளைக்குத் தலைமடை இன்னும் எழுதப்படவில்லை.